சாங்கான்: பாட்டில் நிலைத்த தலைநகரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இந்த அவையில் தொலைவிலுள்ள ஒரு சீன நகரத்தைப் பற்றிப் பேச நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சாங்கான் என்பது பேரரசர்கள் எழுப்பிய நகரம்; ஆயினும் இன்று அதன் தெருக்களையும் மக்களையும் நாம் அறிவது பெரும்பாலும் அங்கு வாழ்ந்த கவிஞர்களின் வாயிலாகத்தான். ஒரு நகரம் அழியும்போது கவிஞன் என்ன செய்ய வேண்டும், அவன் எழுதியதை யார் காக்கிறார்கள் என்னும் இரண்டு வினாக்களுக்கும் அந்நகரின் வரலாற்றில் விடை இருக்கிறது. அவ்விடையை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

சீனத்தின் வடமேற்கே, இன்றைய ஷான்சி மாநிலத்தில், வெய் ஆறு பாயும் வளமான சமவெளி ஒன்று உண்டு. தெற்கே சின்லிங் மலைத்தொடர் அரணாக நிற்கிறது. மேற்கு சௌ மரபினரின் தலைநகரங்கள் இச்சமவெளியில்தான் இருந்தன. கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் பேரரசனும் இங்கிருந்தே ஆண்டான். கி.மு. 202இல் ஹான் மரபைத் தொடங்கியவர்கள் தங்கள் தலைநகருக்குச் சாங்கான் என்று பெயரிட்டார்கள். ‘நீடித்த அமைதி’ என்பது அச்சொல்லின் பொருள். கி.மு. 138இல் ஹான் பேரரசன் அனுப்பிய தூதன் சாங் சியன் இந்நகரிலிருந்து மேற்கே புறப்பட்டான். பட்டு வழி என்று பின்னாளில் பெயர் பெற்ற பாதையைச் சீனர்க்குத் திறந்துவிட்ட பயணம் அது.

நாம் கருதும் கவிஞர்களின் சாங்கான் இதற்கும் பிற்பட்டது. கி.பி. 582இல் சுயி மரபினர், பழைய ஹான் நகரின் தென்கிழக்கே, யுவென் காய் என்னும் கட்டடக் கலைஞனைக் கொண்டு ஒரு புதிய நகரை வகுத்தார்கள். 618இல் ஆட்சிக்கு வந்த தாங் மரபினர் அதனையே தலைநகராக ஏற்றுச் சாங்கான் என்னும் பழம்பெயரை மீண்டும் சூட்டினர். கிழக்கு மேற்காக 9.7 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 8.6 கிலோமீட்டர். ஏறத்தாழ 84 சதுர கிலோமீட்டர் பரப்பு. சதுரங்கப் பலகை போல் வகுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புப் பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மதிலும் வாயில்களும் உண்டு. நடுவே சென்ற பெருவீதியின் அகலம் மட்டும் ஏறத்தாழ 150 மீட்டர். மக்கள்தொகை பத்து இலட்சத்தை எட்டியிருக்கும் என்று அறிஞர் கணிக்கின்றனர். யப்பானியர் 710இல் நாராவையும் 794இல் கியோத்தோவையும் அமைத்தபோது இந்நகரின் வரைவையே பின்பற்றினர்.

அந்நகரின் இரவு வேறுவகையானது. அந்தியில் முரசு ஒலிக்கும். உடனே குடியிருப்புப் பகுதிகளின் வாயில்கள் அடைபடும். அதன்பின் பெருவீதியில் நடமாடுவது குற்றம். விடியல் முரசு கேட்கும்வரை அவரவர் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆண்டின் முதல் முழுநிலவையொட்டிய விளக்குத் திருநாளில் மட்டும் இக்கட்டு தளர்த்தப்பெறும். அந்த மூன்று இரவுகளில் ஆணும் பெண்ணும் செல்வரும் எளியரும் தெருவில் இறங்கி விளக்குகளைக் கண்டு களிப்பர். ஆண்டு முழுதும் அடைபட்டிருந்த மக்களுக்கு அந்த மூன்று இரவுகள் எவ்வளவு பெரியவை என்பதை அக்காலப் பாடல்கள் காட்டுகின்றன.

நகரின் கிழக்கிலும் மேற்கிலும் இரு பெருஞ்சந்தைகள் இருந்தன. மேற்குச் சந்தையில் பாரசீகரும் நடு ஆசியாவின் சோக்தியரும் கடை விரித்தனர். 635இல் சிரியக் கிறித்தவத் துறவி அலோபென் வந்து சேர்ந்தார். அந்தச் சமயத்தின் வரலாற்றைச் சொல்லும் 781ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் அங்கே உள்ளது. 717இல் மாணவராக வந்த யப்பானியர் அபே நோ நகமாரோ தாங் அரசிலேயே பதவி ஏற்றார். லி போ, வாங் வெய் ஆகிய பெருங்கவிஞர்களின் நண்பராக வாழ்ந்து, தாய்நாடு திரும்பாமலே 770இல் மறைந்தார்.

நம் நாட்டோடும் அந்நகருக்கு உறவு உண்டு. யுவான் சுவாங் என நாம் பள்ளிப் பாடத்தில் படித்த துறவி, 629ஆம் ஆண்டளவில் அரசின் இசைவின்றியே சாங்கானை விட்டுப் புறப்பட்டார். நாளந்தாவில் கற்று, தெற்கே காஞ்சிபுரம்வரை வந்தார். ஈழத்திற்குச் செல்ல நினைத்திருந்த அவர், அங்கே அரசன் இறந்து பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாகக் காஞ்சிக்கு வந்திருந்த ஈழத்துத் துறவிகள் கூறக்கேட்டு, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். 645இல் 657 நூல்களுடன் சாங்கான் திரும்பினார். சென்றபோது மறைந்து சென்றவரை, மீண்டபோது நகரமே திரண்டு வரவேற்றது. அந்நூல்களைக் காப்பதற்காக 652இல் எழுப்பப்பெற்றதே பெரிய காட்டுவாத்துக் கோபுரம். பின்னர் 720இல் பல்லவன் இராசசிம்மன் அனுப்பிய தூதுக்குழுவும் தாங் அவையை அடைந்ததைச் சீன ஆண்டுக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன.

இனிக் கவிஞர்களிடம் வருவோம். அரசுப் பதவிக்கான உயர் தேர்வில் பாட்டியற்றுதலும் ஒரு பகுதி. ஆகவே நாடெங்கிலுமிருந்து கவிபாட வல்ல இளைஞர் ஆண்டுதோறும் சாங்கானில் வந்து குவிந்தனர். தேறியவர் முப்பது பேர் அளவில்தான் இருப்பர். அவர்கள் காட்டுவாத்துக் கோபுரத்தில் தம் பெயரை எழுதி மகிழ்வர். தோற்றவரோ பன்னூற்றுவர். அவர்கள் வாடகை அறைகளில் தங்கி, பெரியோர் வாயில்களில் காத்துக் கிடந்து, அடுத்த ஆண்டை எதிர்நோக்குவர்.

அவ்வாறு காத்துக் கிடந்தவர்களுள் ஒருவர்தான் தூ ஃபூ. 747இல் நடந்த தேர்வில் தலைமையமைச்சன் லி லின்ஃபூ எல்லோரையும் தோல்வியுறச் செய்தான். தகுதியுடையார் எவரும் வெளியே எஞ்சவில்லை என்று பேரரசனுக்கு அவன் சொன்ன விளக்கம் சீன வரலாற்றில் இகழ்ச்சிக்குரியதாக நிலைத்துவிட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் தலைநகரில் வறுமையோடு போராடிய தூ ஃபூ, 755இல் ஒரு சிறு பதவி பெற்றுக் குடும்பத்தைக் காணச் சென்றார். வீட்டில் அவரை எதிர்கொண்டது பசியால் இறந்த பச்சிளங் குழந்தை. வரிவிலக்குப் பெற்ற குலத்தில் பிறந்த தமக்கே இக்கதி என்றால் ஏழை உழவனுக்கு என்ன கதி என்று அப்போதே பாடினார். தன் துயரைப் பாட வந்த இடத்தில் பிறர் துயரை நினைத்த அந்த நெஞ்சமே அவரைச் சீனத்தின் தலையாய கவிஞர்களுள் ஒருவராக்கியது எனலாம்.

அதே ஆண்டின் இறுதியில் தளபதி ஆன் லூஷான் கலகம் செய்தான். 756இல் பேரரசன் சுவான்சோங் நகரை விட்டு ஓடினான். வழியில் மாவெய் என்னும் இடத்தில், படைவீரரின் வற்புறுத்தலால், அவனுடைய காதல் துணைவி யாங் குயிஃபெய் உயிரிழக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப்பின், 806இல், பாய் சூயி அதனைப் பெருங்காவியப் பாடலாக்கினார். அந்தப் பாய் சூயிதான், சாங்கான் சந்தைக்குக் கரி கொண்டுவந்த கிழவனிடம் அரண்மனை ஆட்கள் வண்டியோடு கரியைப் பறித்துச் சென்ற கொடுமையையும் பாடினார் என்பதை இங்கே நாம் நினைவில் கொள்ள வேண்டும். அரசனின் காதலும் கரிக்காரனின் கண்ணீரும் அவருடைய எழுதுகோலுக்குச் சமமாகவே பட்டன.

தூ ஃபூ கலகக்காரர் கையில் அகப்பட்டு, வீழ்ந்த சாங்கானுக்குள்ளேயே சிறைப்பட்டார். 757இன் வசந்தத்தை அங்கே கண்டார். அப்போது பிறந்த பாடல்களைச் சீனச் சிறுவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். நகரிலிருந்து தப்பிய பின்னும் அவர் மனம் அதை விட்டுப் போகவில்லை. 766இல், யாங்சி ஆற்றங்கரையில் நோயுற்றிருந்த காலத்திலும், அவர் பாடியது சாங்கானைத்தான். ஆயினும் அங்கே மீளாமலே 770இல் இறந்தார்.

அடுத்த பேரழிவு 881இல் வந்தது. ஹுவாங் சாவோ என்னும் கலகத் தலைவன் நகரைக் கைப்பற்றினான். தேர்வெழுத வந்திருந்த வெய் ஜுவாங் என்னும் கவிஞர் அதனுள் சிக்கினார். தப்பி வந்து 883இல், அந்நகரில் மூன்றாண்டுகள் துன்புற்ற ஒரு பெண்ணின் கூற்றாக, 238 அடிகளில் நெடும்பாடல் ஒன்றை இயற்றினார். கொள்ளையும் கொலையும் பஞ்சமும் அதில் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டன. கலகக்காரரை மட்டுமன்றி, மீட்க வந்த அரசுப் படைகளின் கொடுமையையும் அப்பாடல் விட்டுவைக்கவில்லை. அது நாடெங்கும் பரவி, அப்பாடலின் பெயராலேயே அவர் அழைக்கப்பட்டார்.

ஆனால் உயர்ந்த இடத்தில் இருந்தவர்கட்கு அப்பாடல் உவப்பாக இல்லை. பின்னாளில் தாமே உயர் பதவிக்கு வந்த வெய் ஜுவாங், அதனை மறைக்க விரும்பினார். வீட்டில் தொங்கவிடவும் கூடாது என்று குடும்பத்தாருக்குக் கட்டளையிட்டார். 903இல் அவருடைய தம்பி தொகுத்த கவிதை நூலில் அது சேர்க்கப்படவில்லை. அவரைக் கோழை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடவும் இயலாது; செங்டுவில் பாழடைந்து கிடந்த தூ ஃபூவின் குடிசை இருந்த இடத்தைத் தேடிக் கண்டு மீண்டும் எழுப்பியவரும் அவரேதான். தூ ஃபூவைப் போற்றியவர், தூ ஃபூவின் வழியில் தாம் எழுதிய பாடலை மட்டும் ஏற்க அஞ்சினார். அப்பாடல் சீன நூல்களிலிருந்து ஓராயிரம் ஆண்டுகள் மறைந்தே போயிற்று.

1900இல் துன்ஹுவாங் பாலைவனக் குகை ஒன்றில் பல்லாயிரம் ஏட்டுச் சுருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் அப்பாடலின் படிகள் பல இருந்தன. ஒரு படி 905ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அதாவது, கவிஞர் தம் பாடலை மறைக்க முயன்ற அதே காலத்தில், தலைநகருக்கு வெகு தொலைவில், எல்லைப்புற ஊரில், பாட்டின்மேல் விருப்பங்கொண்ட எளியவர்கள் அதைப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். இன்று கிடைக்கும் தாங் காலப் பாடல்களுள் மிக நீண்டது என்று அது மதிக்கப்படுகிறது. பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தவர்களின் உழைப்பால் இலக்கியம் பெற்ற நமக்கு, அந்தப் படியெழுத்தாளர்களின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

904இல் போர்த்தலைவன் சூ வென் பேரரசனை லோயாங்குக்குக் குடிபெயரச் செய்தான். சாங்கானின் அரண்மனைகளும் வீடுகளும் பிரிக்கப்பட்டு, மரங்கள் வெய் ஆற்றில் மிதக்கவிடப்பட்டன. அதன்பின் அந்நகரம் ஒன்றுபட்ட சீனத்தின் தலைநகராகவே இல்லை. எஞ்சியவர்கள் நடுவிலிருந்த சிறு பகுதியை மட்டும் மதிலால் வளைத்துக்கொண்டனர். 837இல் முடிந்த 114 கற்பலகைகளில் ஆறரை இலட்சம் எழுத்துகளால் பொறிக்கப்பட்ட பன்னிரு செவ்வியல் நூல்கள், மதிலுக்கு வெளியே கேட்பாரற்று நின்றன. அவற்றையும் அறிஞர்கள் உள்ளே கொண்டுவந்து, 1087இல் ஓரிடத்தில் முறையாக நிறுத்தினார்கள். ‘கல்வெட்டுக் காடு’ என்னும் இன்றைய அருங்காட்சியகத்தின் தொடக்கம் அதுவே.

1369இல் மிங் மரபினர் சீயான் என்று பெயர் மாற்றிய அந்நகரில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு கோடியே 29 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்குச் செல்வோர் பலரும், 1974இல் உழவர்கள் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சின் பேரரசனின் சுடுமண் படையைக் காணவே விரைகின்றனர். அது காணத்தக்கதே. 13.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மிங் மதிலும், 1384இல் எழுந்த மணிக்கோபுரமும், சீனக் கட்டட முறையில் அமைந்த பெரிய பள்ளிவாசலும் கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்த மதில் சூழ்ந்த பரப்பு, தாங் நகரில் ஏழில் ஒரு பங்கு அளவே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மற்ற ஆறு பங்கு எங்கே என்று கேட்டால், காட்டுவாத்துக் கோபுரங்கள் இரண்டும் அரண்மனையின் அடித்தளங்களும்தான் கைக்கு எட்டுவன. முரசொலியையும் விளக்குத் திருநாளையும் கரி வண்டியையும் பாடல்களில்தான் தேட வேண்டும்.

அன்பர்களே! தூ ஃபூவிடமிருந்து கவிஞர் கற்கவேண்டியது ஒன்று. கண்டதைக் கண்டபடி பாடுவது. வெய் ஜுவாங்கிடமிருந்து கற்கவேண்டியது மற்றொன்று. எழுதிவிட்ட உண்மை எழுதியவனுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் துன்ஹுவாங்கின் படியெழுத்தாளர்களிடமிருந்து கற்கவேண்டியது நம் போன்ற வட்டங்களுக்கே உரியது. பத்தாண்டுகளாக இங்கே படிக்கப்பெற்ற கவிதைகள் எத்தனை? அவற்றுள் அச்சேறியவை எத்தனை? மறைந்த உறுப்பினர்களின் கையெழுத்துப் படிகள் எவர் வீட்டுப் பரணில் உள்ளன? இந்த மலரோடு நின்றுவிடாமல், அவற்றைத் திரட்டிப் படியெடுக்கும் பணியைப் பதினோராம் ஆண்டின் முதற்பணியாக மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எது நிலைக்கும் என்று இன்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் காக்க வேண்டியிருக்கிறது.