உரோமாபுரி வெள்ளிக் காசுகள்
(ஆம்பூரில் நடந்த சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழங்காசு சேகரிக்கும் ஆவல் நம் இளைஞரிடம் வளர்ந்து வருதல் மகிழ்ச்சியே. அவர்கட்கு ஒரு விண்ணப்பம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் மிளகை நாடிவந்த யவன வணிகர் வெள்ளிக் காசு கொணர்ந்தனர். கரூர், பொள்ளாச்சிப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு மன்னர் காசுகளே மிகுதி. கி.பி. 64-இல் நீரோ மன்னன் காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான்; அதற்கு முந்திய நற்காசுகளே ஈண்டு மிகுதியாய்க் கிடைக்கின்றன.

ஒரு காசின் எடை நான்கு கிராமுக்கும் சற்றுக் குறைவு. உருக்கினால் வரும் வெள்ளி அற்பம். எக்காசோடு எக்காசு, எக்கலத்தில், எவ்விடத்தில் கிடந்தது என்பதே சரித்திரத்துக்குச் சாட்சி. தட்டார் மூசையில் இட்டாலும், ஆளுக்கொன்றாய்ப் பங்கிட்டாலும் அச்சாட்சி மாண்டொழியும்.

ஆகையால், வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கையிலோ, தோல் ஷாப்பில் தொட்டிக்குப் பள்ளம் வெட்டுகையிலோ புதையல் அகப்படின் ஒளியாதீர். பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் 1878-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்த கடமை. சர்க்கார் அதனை எடுத்துக்கொள்ளின், பொருளின் விலையோடு ஐந்திலொரு பங்கு கூட்டித் தருதல் வேண்டும். ஒளித்தவரோ தம் பங்கையும் இழந்து தண்டனைக்கும் ஆளாவர்.

மண் காத்ததை நாம் அழித்தல் தகுமோ? சிந்திப்பீராக.