ஒரே இசை, நான்கு பதிப்புகள்



இலக்கியத் தொடரில் ரொக் இசைத்தட்டு ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கும் என்னை நீங்கள் சற்று ஐயத்துடன் நோக்கினால் அதில் வியப்பில்லை. ஆனால் நான் பேசப்போவது உண்மையில் பதிப்புப் பற்றி. பதிப்பு என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய சங்கதியல்ல. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணியும் வெளிவந்தது. ஒரு நூலுக்குப் பல பிரதிகள் கிடைத்தால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்ற கேள்வி அவர்களை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அதே கேள்வி இன்று இசைக்கும் வந்திருக்கிறது.

பிங்க் ஃப்ளொயிட் என்ற ஆங்கில இசைக்குழுவினர் 1973 மார்ச்சில் 'த டார்க் சைட் ஒவ் த மூன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். யாழ்ப்பாணப் பட்டினத்து றெக்கோடிங் பார் ஒன்றில் வெற்றுக் கசெற் கொடுத்துப் பிரதி எடுப்பித்து, நான் அதை முதலிற் கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட சிறு பெட்டியில். மயிலிட்டியை விட்டு 1990 ஜூனில் நாங்கள் இடம்பெயர்ந்த பின்னர், மின்சாரமுமின்றி பற்றரியுமின்றி இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றியும் அதைக் கேட்டிருக்கிறேன். மிதிப்பவர் களைத்தால் பாடகரும் களைத்துப்போவார். அதுவும் ஒரு பாடபேதந்தான்!

இந்த இசைத்தட்டு இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக்கூடத்தில் 16 தடங்களில் பதிவாயிற்று. பாட்டு ஒரு தடத்தில், முரசு வேறொரு தடத்தில் எனத் தனித்தனியே பதிந்த இந்த நாடாவே மூல ஏடு. அவற்றை எந்த அளவில், எந்தத் திசையில் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் பதிப்பாசிரியர். நாம் அனைவரும் அறிந்த ஸ்ரீரியோப் பிரதி முதலாவது பதிப்பு. இரண்டாவதை, மூலப்பதிவின் ஒலிப்பதிவாளரான அலன் பார்சன்ஸ் அதே ஆண்டில் நான்கு ஸ்பீக்கர்களுக்காகச் செய்தார். மூன்றாவது, 2003இல் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 பதிப்பு. முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்று ஒன்று என ஆறு ஸ்பீக்கர்கள் அதற்கு வேண்டும். நான்காவதும் கத்ரி செய்ததே. 2023இல் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு வந்த அந்த 'டொல்பி அற்மொஸ்' பதிப்பில் தலைக்கு மேலேயும் ஒலிக்கு இடமுண்டு.

பார்சன்ஸின் நாற்புறப் பதிப்பு நெடுங்காலம் கிடைப்பதற்கு அரிதாயிருந்தது. அந்நாளைய நாற்புற ஒலிக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத பல முறைகள் சந்தைக்கு வந்து மக்களைக் குழப்பின. சில ஆண்டுகளில் அந்த முயற்சியே படுத்துவிட்டது. 2011இல் வந்த பெரும் பெட்டித் தொகுப்பில் பார்சன்ஸின் பதிப்பும் கத்ரியின் 5.1 பதிப்பும் ஒன்றாக வெளிவந்தன. புலம்பெயர்ந்த என் மருமகன் வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

காலத்தைப் பற்றிய பாடலின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒருசேர அலறும். பழைய கடிகாரக் கடையொன்றில் பார்சன்ஸ் ஒவ்வொன்றாகப் பதிந்த ஒலிகள் அவை. நாற்புற ஒலியை விளக்கிக் காட்டுவதற்கென்றே அவர் அவற்றைப் பதிந்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே அந்தக் கடிகாரங்கள் நான்கு பக்கமும் நின்று அடிக்கும்போது பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட உணர்வு ஏற்படுகிறது. பணத்தைப் பற்றிய பாடலில் வரும் நாணயக் கிலுக்கம், தாள் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டிச் சத்தம் ஆகியவை ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் சுழல்வன. நாடாவை அளவுகோலால் அளந்து வெட்டி ஒட்டிச் செய்த சுழற்சி அது. பார்சன்ஸின் பதிப்பில் அவை கேட்பவரைச் சுற்றி நடக்கின்றன.

கத்ரி அடக்கமானவர். பழகிய ஸ்ரீரியோவின் முகத்தை முன்னே வைத்து, காற்றையும் எதிரொலியையும் சுற்றிலும் பரப்புகிறார். பார்சன்ஸ் துணிந்த உரையாசிரியர் என்றால், கத்ரி சொல்லுக்குச் சொல் பொருள் கூறி ஒதுங்கி நிற்பவர். கிளேர் டொரி என்ற பாடகி சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் அழுது உயரும் பகுதியை நான் கத்ரியிடமே கேட்பேன். அங்கே சுற்றி ஓடும் வித்தைகள் வேண்டியதில்லை. முப்பது பவுண் சம்பளத்துக்குப் பாடிய அவர், இயற்றியதில் தமக்கும் பங்குண்டு என்று வழக்காடி, 2005இல் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னரே அப்பகுதிக்கு உரியவராகப் பெயர் பெற்றார் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டுப் பதிப்பில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு சங்கதி. ஓடும் காலடிகளும் மேலே கடக்கும் யந்திர இரைச்சலும் உள்ள பகுதியில், உயரம் என்பது வெறும் அலங்காரமாக இல்லை. மயிலிட்டியில் வளர்ந்தவனுக்கு இது உடனே விளங்கும்.

நேயர்களே, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று நம் செவி எவ்வாறு அறிகிறது? ஒரு காதுக்கு மற்றக் காதைவிடச் சற்று முந்தி, சற்று உரத்து ஒலி எட்டுகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டை மூளை கணக்கிடுகிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைச் செவிமடலின் வளைவுகள் சொல்லிக்கொடுக்கின்றன. இதை நாங்கள் ஊரிலேயே கற்றோம். வடக்கே கடல், வள்ளங்களின் இயந்திரச் சத்தம். மேற்கே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. தெற்கே பலாலி விமானத்தளம். அங்கிருந்து எழும்பியவை எங்கள் தலைக்கு மேலே போயின. கண்ணை மூடிக்கொண்டே நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்ல முடியும்.

மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய சிறு நிலப்பரப்பும் 2017 ஜூலை 3ஆந் திகதி விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகள். கடல் அதே இடத்தில் அதே குரலில் இருந்தது. மற்றத் திசைகள் மௌனமாயிருந்தன. ஊரைத் திருத்தலாம், வீட்டைக் கட்டலாம், துறைமுகத்தை ஆழப்படுத்தலாம். ஆனால் 1989இன் ஒரு விடியற்காலையில் கரையில் மீன் கூறியவரின் குரலை எந்தக் கத்ரியாலும் மறுபதிப்புச் செய்ய முடியாது. ஏனென்றால் மூல ஏடு இல்லை.

இதுதான் என் பேச்சின் சாரம். புதிய பதிப்பு வந்தால் பழையது கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. மூலம் பத்திரமாயிருக்கும்வரை அந்த அச்சம் வேண்டியதில்லை; நான்கல்ல, நாற்பது பதிப்புகள் வரட்டும், விரும்பியதை விரும்பியவர் கேட்கட்டும். தமிழிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1964இல் ஒற்றைத்தட ஒலியோடு வந்த 'கர்ணன்' திரைப்படம் 2012 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டுப் பல்வழி ஒலியோடு திரைக்கு வந்து, புதிய தலைமுறையையும் கவர்ந்தது. மூலம் ஏதோ வடிவில் எஞ்சியிருந்ததால் அது முடிந்தது.

எஞ்சாதவற்றுக்கு என்ன செய்வது? இதே இசைத்தட்டு ஒரு வழி காட்டுகிறது. குழுவைச் சேர்ந்த ரொஜர் வோட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதி, ஒலிப்பதிவுக்கூடத்தில் அகப்பட்டவர்களிடம் கேட்டார். உலகப் புகழ்பெற்ற போல் மக்கார்ட்னியும் பதில் சொன்னார். அவருடைய கவனமான பதில்கள் சேர்க்கப்படவில்லை. கட்டடத்தின் வாயிற்காவலர் மனந்திறந்து பேசியது சேர்க்கப்பட்டது. அந்தச் சாதாரண மனிதரின் குரல் ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஒலிக்கிறது. நான்கு பதிப்புகளிலும் இருக்கிறது.

இன்று ஒலிப்பதிவுக் கருவி இல்லாத சட்டைப்பை இல்லை. மயிலிட்டியின் பழைய சத்தங்களை அறிந்த அப்பு, ஆச்சிமார் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகள் பத்துக் கேள்விகளை அட்டையில் எழுதிக்கொண்டு போகட்டும். எந்தக் காற்றுக்கு என்ன பெயர்? வலை இழுக்கும்போது என்ன பாடினீர்கள்? சங்கு ஊதினால் அடுப்பில் என்ன இருக்கும்? வெட்டாமல், ஒட்டாமல், இருமலும் பின்னணியிற் கத்தும் காகமுமாக அப்படியே பதிந்து வைக்கட்டும். பதிப்பாசிரியர்கள் பிறகு வருவார்கள். அவர்கள் வரும்போது கையில் ஓர் ஏடாவது இருக்க வேண்டும்.