பட்சிகள் சொல்லும் சாட்சி
(தளவானூரில் ஆற்றிய சொற்பொழிவு)



"காக்கை காக்கையோடும், கொக்கு கொக்கோடும்தானே சேருகின்றன? ஆகவே ஜாதி இயற்கைதான்" என்று வைதீகர்கள் சொல்லுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பட்சிகளையே சாட்சிக்கு இழுத்துவிட்டார்கள். சரி, நாமும் அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம்.

முதலாவது, காக்கையும் கொக்கும் வெவ்வேறு இனம். அவை கூடிக் குஞ்சு பொரிப்பதில்லை. மனிதரிலோ எந்த ஜாதி ஆணும் எந்த ஜாதிப் பெண்ணும் கூடினாலும் பிள்ளை பிறக்கிறது. ஆனபடியால் மனிதர் அனைவரும் ஓர் இனமே.

இரண்டாவது, பட்சிகள் ஒன்றையொன்று குரலால் அறிவது உண்மையே. தென் துருவத்தையொட்டிய தீவுகளில் ராஜ பெங்குவின் என்னும் பட்சிகள் ஆயிரக்கணக்கில் கூடி நிற்கும். அவைகளுக்குக் கூடு கிடையாது. கடலில் இரை தேடித் திரும்பும் தாயோ தகப்பனோ குரல் கொடுக்கும். அத்தனை இரைச்சலிலும் அதன் குஞ்சு பதில் கொடுக்கும். இந்த விசாரிப்பெல்லாம் எதற்காக? பசித்த குஞ்சுக்குச் சோறு போடுவதற்காக. நாம் "எந்தத் தெரு?" என்று விசாரிப்பது எதற்காக? சோற்றையும் பெண்ணையும் மறுப்பதற்காக அல்லவா?

மூன்றாவது சங்கதிதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு குருவி உண்டு. அது அடைகாக்கும்போதே முட்டையைப் பார்த்துப் பாடுகிறது. பொரிந்த குஞ்சு அந்தப் பாட்டிலுள்ள ஒரு ஸ்வரத்தைச் சொல்லியே இரை கேட்கிறது. குயிலினத்துக் குஞ்சு கூட்டில் புகுந்தால் தாய் கண்டுகொள்ளவும் இது உதவுகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். குஞ்சு சொன்னது முட்டையிட்டவளின் ஸ்வரமா? இல்லை, அடைகாத்தவளின் ஸ்வரம்! பிறப்பால் வந்ததல்ல, கற்றுக்கொண்டது.

நம்மிலும் ஒருவன் வாயைத் திறந்ததும் பேச்சைக் கொண்டே ஜாதியைக் கண்டுபிடித்துவிடுகிறோம். அந்தப் பேச்சு அவன் இரத்தத்திலா இருக்கிறது? எந்த வீட்டுப் பிள்ளையையும் வேறு வீட்டில் வளர்த்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பேச்சையே பேசும்.

சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று நம் நாட்டில் 1967-இல் சட்டம் செய்தாயிற்று. ஆனால் ஜாதி விட்டு மணந்த பிள்ளைகளைப் பெற்றவர்களே கொல்லும் சேதி இன்னும் வருகிறது. பெங்குவின் தன் பிள்ளையைத் தேடுவது ஊட்ட. நாம் தேடுவது வெட்ட! இதற்கு இயற்கை என்று பெயர் வைப்பது பட்சிகளுக்கே அவமானம்.

ஆகவே தோழர்களே, "எந்தத் தெரு?" என்று கேட்க நாக்கு எழும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பழகுங்கள். பழக்கத்தால் வந்தது பழக்கத்தால்தான் போகும்.