மருந்து விளம்பரமும் நன்றிக் கடிதமும்



1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் கடைக்காரரும் படிக்கிறார், சுமை தூக்குபவரும் படிக்கிறார். ஆனால் அச்சில் வந்ததெல்லாம் உண்மையா?

“பத்து வருட நோய் ஒரே பாட்டிலில் தீர்ந்தது” என்று விளம்பரம் சொல்லும். கீழே குணமானவரின் நன்றிக் கடிதம் இருக்கும். இது செய்தித்தாள் பரவிய காலத்திலேயே தொடங்கிய வழக்கம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். லிடியா பிங்கம் என்ற அம்மையார் பெயரில் பெண்களுக்கான மருந்து விற்றது. அதில் சாராயம் கலந்திருந்தது. “உங்கள் நோயைப் பற்றி அம்மையாருக்கு எழுதுங்கள்” என்றது விளம்பரம். பெண்கள் நம்பி எழுதினார்கள். 1905-இல் ஒரு பத்திரிகை அவருடைய கல்லறையின் படத்தை வெளியிட்டது. அவர் 1883-இலேயே இறந்துவிட்டார்!

குணமானவர் கடிதம் அச்சாகும். குணமாகாதவர் கடிதம் அச்சாகுமா? சில நோய்கள் தானாகவே தணியும். பெயர் மருந்துக்குப் போகும். இதை நம்பிச் சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி விளம்பரம் கண்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். மருந்து வாங்கும் முன் அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.