கமக்காரன் கையிற் கமரா

(வாசிகசாலை முன்றிலில் நடைபெறவிருக்கும் படக்காட்சியை முன்னிட்டுச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வரும் சனிக்கிழமை மாலை இம்முன்றிலில் ஒரு படம் காட்டப்பட இருக்கிறது. 'உடைந்த ஐந்து கமராக்கள்' என்பது அதன் பெயர். ஆடல் பாடலை எதிர்பார்த்து எவரும் வர வேண்டாம். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலே, ரமல்லா நகருக்கு மேற்கே உள்ள பில்இன் என்னும் சிற்றூரின் கமக்காரர் இமாத் புர்நாத், தம் வீட்டையும் தம் ஊரையும் தாமே படம்பிடித்த வரலாறு அது. கை டாவிடி என்னும் இஸ்ரேலியர் அவருடன் சேர்ந்து நெறிப்படுத்தினார். 2013ஆம் ஆண்டின் ஒஸ்கார் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

2005ஆம் ஆண்டில் நான்காவது மகன் பிறந்தபொழுது, பிள்ளையின் வளர்ச்சியைப் பதிவு செய்யவே புர்நாத் கமரா வாங்கினார். அவ்வேளையில் ஊர்க் காணிகளை ஊடறுத்துப் பிரிப்பு வேலி எழுந்தது. ஒலிவ மரங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டன. ஊரார் வெள்ளிதோறும் வேலியை நோக்கி நடந்தனர். கமராவும் உடன் நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கமராக்கள் உடைந்தன. ஒன்று துப்பாக்கிக் குண்டைத் தான் ஏற்று அவர் உயிரைக் காத்தது.

நீதிமன்றிலே சாட்சி ஒருவன் ஏறினால், "இவ்வழக்கில் உனக்குள்ள சம்பந்தம் யாது?" என்று எதிர்த்தரப்பார் வினவுவர். சம்பந்தமுடையவன் சொல்லை ஐயுறுவது எங்கள் தொழிலின் வழக்கம். புர்நாத்தோ தம் சம்பந்தத்தை மறைக்கவில்லை. "இது என் காணி, இவன் என் மகன், இவர் என் நண்பர்" என்ற நிலையில் நின்றே காட்டுகிறார். பக்கச் சார்பை ஒளிப்பவனிலும், அதனை வெளியிட்டுச் சாட்சி சொல்பவனை நாம் எளிதில் அளந்தறியலாம். ஆதலின் ஐயத்தோடேயே பாருங்கள். அவர் கண்டது எது, காணாது விட்டது எது எனக் கேளுங்கள்.

சட்டம் பயின்றவர்கட்கு இப்படம் உறுத்தும் இடம் ஒன்றுண்டு. 2007 செப்டெம்பரில் இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் அவ்வேலியின் பாதையை மாற்றுமாறு தீர்ப்பளித்தது. ஊரார் வென்றனர். எனினும் வேலி அகற்றப்பட்டது 2011இலே. இடையில், 2009 ஏப்ரில் மாதத்தில், புர்நாத்தின் நண்பர் பாசெம் அபு ரஹ்மா கண்ணீர்ப்புகைக் குண்டொன்று மார்பிற் பட்டு மாண்டார். தீர்ப்பேட்டில் திகதி இருக்கும், காரணம் இருக்கும். தீர்ப்புக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் இடைப்பட்ட நாட்களை எந்த ஏட்டில் தேடுவது? ஒரு தந்தை தன் குழந்தைக்காக வாங்கிய கமராவில் அவை தங்கியுள்ளன. வழக்கு வென்றதும் கட்சிக்காரனுக்குக் கைகொடுத்துவிட்டு அடுத்த கோவையை எடுக்கும் என் போன்றோர் நாணத்துடன் பார்க்க வேண்டிய படம் இது.

கமக்காரர்களே, உறுதியும் எல்லையும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியவை அல்ல. மரம் வீழும்போது அம்மனிதரின் குரல் ஏன் தாழ்கிறது என்பதை எம்மிலும் நீங்களே நன்குணர்வீர்கள்.

புர்நாத் நேரில் வரப்போவதில்லை. படத்தில் அவர் குரலே உரை நிகழ்த்தும். மரணமும் அதில் காட்டப்படுவதால், சிறுவரை அழைத்து வருவதைப் பெற்றோர் முன்னரே தீர்மானிப்பீர்களாக. ஒன்றரை மணி நேரத்தில் படம் முடியும். முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். விளக்கேற்றி அமர்ந்து, கண்ட சாட்சியத்தைப் பற்றிப் பேசுவோம்.