பெயர் பொறிக்காத நடுகற்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய விராலிமலையின் அடிவாரத்தே கூடியுள்ள அவைத் தலைவர் அவர்களே, பத்தாண்டுக் காலமாக இலக்கிய வட்டத்தைப் பேணி வரும் அன்பர்களே, கவிஞர் பெருமக்களே!

போரைப் பாடுவதற்குத் தமிழில் தனி இலக்கணமே உண்டு. ஆநிரை கவர்தல் வெட்சி, மண் கொள்ளப் படையெடுத்தல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை, நிலையாமை காஞ்சி என வகுத்தார் தொல்காப்பியர். வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையும் அவ்விலக்கணத்துள் அடங்கும். இஃது ஏட்டோடு நின்ற இலக்கணம் அன்று. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2012இல் கண்டறியப்பட்ட நடுகல்லில், ஆநிரைப் பூசலில் பட்ட வீரன் ஒருவனின் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓர் ஊர்ப் பூசலில் மாண்டவனின் பெயரைப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு கல் காத்து நின்றது.

அத்தகைய மரபில் வந்த தமிழர், இருபதாம் நூற்றாண்டின் பெரும்போரில் பல்லாயிரவராய் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை, எவ்வேட்டிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள் எவை என்று கேட்டால், மிட்வே, எல் அலமைன், ஸ்டாலின்கிராட், நார்மண்டி என்று பள்ளி மாணவனும் சொல்வான். அவை எங்கோ நிகழ்ந்தவை; தமிழர் வாழ்வுக்குத் தொலைவானவை என்று தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் அத்தொலைவு மறைந்துவிடும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. இரண்டு நாட்களில் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. எழுபது நாட்களில் தீபகற்பம் முழுவதும் வீழ்ந்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த மாதமே இரங்கூனும் வீழ்ந்தது. கொண்டுவிற்கவும், கூலி வேலைக்கும், வட்டித் தொழிலுக்கும் பர்மா சென்றிருந்த தமிழர் உள்ளிட்ட இந்தியர் இலட்சக்கணக்கானோர், மலையும் காடும் கடந்து கால்நடையாய்த் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். வழியிலேயே பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மடிந்தனர்.

1942 ஜூனில் மிட்வே கடற்போர் நிகழ்ந்தது. ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. கடலின் மீதிருந்த அதன் பிடி தளர்ந்தது. மலாக்கா நீரிணை வழியே இரங்கூனுக்குப் படைப்பொருள் அனுப்புவது இடர்மிக்கதாயிற்று. ஆகவே தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை, மலையையும் காட்டையும் வெட்டி, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. பசிபிக் கடலின் நடுவே நிகழ்ந்த ஒரு போர், மலேயாவின் இரப்பர்த் தோட்டத்து லயன் வீடுகளின் கதவைத் தட்டியது இவ்வாறுதான்.

அந்த வீடுகளில் இருந்தோர் யாவர்? திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டோரும் அவர்தம் மக்களும் ஆவர். இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் முடங்கின, அரிசி அரிதாயிற்று. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்றே மாத வேலை என்னும் சொல்லை நம்பிச் சிலர் சென்றனர். பின்னர் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரே மிகுதி. மலேயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். அவருள் தமிழரே பெரும்பான்மையர்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்களைச் சூறையாடியது. அக்டோபர் 17ஆம் நாள் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. அப்பாதையில் உழைத்த ஏறத்தாழ 60,000 நேசநாட்டுக் கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர்.

முதல் எண்ணுக்குப் பெயர்கள் உண்டு. இரண்டாம் எண்ணுக்கு இல்லை. காரணம் வெளிப்படை. கைதிகளோடு படை அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், இறந்தோர் பெயரை மறைத்து எழுதிக் காத்தனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளர்க்கு எழுதுவாரும் இல்லை, எண்ணுவாரும் இல்லை. காஞ்சனபுரியில் மாண்ட தமிழர்க்கென நடுகல் எழுந்ததும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. அந்தக் கல்லுக்குரிய பெயர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

அப்பாதை சுமந்த படைப்பொருள் எந்தக் களத்துக்குச் சென்றது? 1944இல் இம்பாலையும் கோகிமாவையும் கைப்பற்ற நிகழ்ந்த படையெடுப்புக்கே சென்றது. கோகிமாவில் ஆட்சியாளர் மாளிகையின் டென்னிஸ் ஆடுகளத்தின் இரு மருங்கிலும் பதுங்கி நின்று பொருதனர். ஜூலையில் ஜப்பானியப் படை பின்வாங்கியது. கீழ்த்திசைப் போர் திரும்பியது. அக்களத்தில் தமிழர் இருதிறத்தும் நின்றனர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தோட்டத் தமிழிளைஞர் பலர் சேர்ந்திருந்தனர். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் தலைமையில் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். எதிர்த்திசையில், பர்மாப் போர்முனையில் பாலமும் பாதையும் அமைத்தவர்களுள் மதராஸ் சேப்பர்ஸ் படையினரும் இருந்தனர். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே.

உரைநடை இக்கடமையை ஓரளவு உணர்ந்தது. வெ. சாமிநாத சர்மா தம் பர்மா வழிநடைப் பயணத்தை நூலாக்கினார். சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் வாழ்ந்து மீண்ட ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் இரு புதினங்களில் அக்காலத்தை நிலைநிறுத்தினார். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். கவிதை இவ்வளவு செய்ததாகச் சொல்ல இயலாது. கையறுநிலை என்னும் துறையைப் படைத்த மொழியில் இஃது ஒரு குறையே.

பரணி நூலுக்குத் தோற்றவர் பெயரே பெயராகும் என்பது மரபு. சயங்கொண்டார் பாடியது சோழர் வெற்றியை. நூலின் பெயரோ கலிங்கத்துப் பரணி. வீழ்ந்தவன் பெயரைச் சொல்லாமல் போரைச் சொல்ல இயலாது என்பதை அம்மரபு உணர்ந்திருந்தது.

கவிஞர் பெருமக்களே! கண்டவர்கள் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்பவை, பழைய பெட்டியில் ஒரு கடிதம், நிறம் மங்கிய ஒரு நிழற்படம், சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்னும் ஒரு வாய்ச்சொல். இறந்த நாள் அறியாதார்க்கு ஆடி அமாவாசையில் எள்ளும் நீரும் இறைப்பது இந்நாட்டு வழக்கம். அவ்வாறு நீர் இறைக்கும் வீட்டாரிடம், யாருக்காக என்று கேட்பவரே அடுத்த நடுகல்லுக்குக் கல் தேர்பவர். வட்டத்தின் வரும் பத்தாண்டுகளில் சிற்றூர்தோறும் சென்று அப்பெயர்கள் தொகுக்கப்பெறட்டும். முதலில் பெயர், பாட்டு அதன் பின்னர் வரும்.