சேம அச்சும் டப்பாத் தகடும்



விழா அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'மோட்டார் சைக்கிளும் இலக்கியமும்' என்று கண்ட அன்பர்கள் சிலர், அச்சுப்பிழையோ என்று தொலைபேசியில் வினவினார்கள். அச்சுப்பிழை அன்று. ஆனால் அச்சைப் பற்றிய உரைதான்.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். உப்பு விற்கும் உமணர் நெடுந்தொலைவு வண்டி ஓட்டிச் செல்பவர்கள். எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ சுமை மிகுதி. வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ, யாரறிவார்? ஆகவே வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள். அதுவே சேம அச்சு. அத்தகையவன் எழினி என்பது புலவரின் கருத்து. உவமை வேந்தனுக்குரியது. எனினும், பாடம் நடத்தும்போதெல்லாம் என் கண் அந்த உமணன் மீதே செல்லும். தன் வண்டி எங்கே முறியும் என்பதை அவன் அறிந்திருக்கிறான். முறிந்தால் மாற்றவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த உமணனை நினைவூட்டும் ஒருவரை அமெரிக்க நூலொன்றில் கண்டேன். ராபர்ட் பிர்சிக் என்பவர் எழுதி 1974இல் வெளிவந்த 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்பது அந்நூல். 121 பதிப்பாளர்கள் மறுத்த பின்னரே அச்சேறியது என்பர். 1968ஆம் ஆண்டுக் கோடையில், தம் மகன் கிறிஸைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, மின்னசோட்டா மாநிலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை அவர் மோட்டார் சைக்கிளில் சென்ற பயணமே நூலின் சட்டகம். மகனுக்கு அப்போது 11 வயது. வேறொரு வண்டியில் நண்பர் ஜானும் அவர் மனைவி சில்வியாவும் பாதிவழி வரை உடன் வந்தார்கள்.

பிர்சிக் ஓட்டியது ஹோண்டா நிறுவனத்தின் 305 சி.சி. 'சூப்பர் ஹாக்'. விரைவோட்டத்துக்குப் பெயர் பெற்ற, உருவில் சிறிய வண்டி. அதில் இருவர் அமர்ந்து, கூடாரம், உடுப்பு, சமையற்கலங்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு, மலையும் பாலையும் கடப்பதென்றால், வண்டி தன் இயல்பையெல்லாம் காட்டத்தானே செய்யும்! அவர் எடுத்துச்சென்ற பொருள்களின் பட்டியல் நூலில் இடம்பெறுகிறது. கிளட்ச், பிரேக் கம்பிகள், ஸ்பார்க் பிளக்குகள், பல்பு, செயின், கட்டுக்கம்பி. மகனுக்குப் படித்துக்காட்டத் தோரோவின் 'வால்டன்'. அப்பட்டியலைப் படித்தபோது எனக்குச் சேம அச்சே நினைவில் எழுந்தது.

அவ்வண்டி ஏற்கெனவே 27,000 மைலுக்கு மேல் ஓடியது. நாள்பட ஓடும் வண்டி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குணத்தைப் பெற்றுவிடும் என்கிறார் பிர்சிக். ஒரே ஆலையில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு வண்டிகள், இருவர் கையில் சில ஆண்டு இருந்துவிட்டால், ஒன்றற்கொன்று உறவே இல்லாதவைபோல் ஆகிவிடுகின்றனவாம். இது மிகையன்று. தன் வண்டியைப் பிறரிடம் தரும் எவரும், 'கொஞ்சம் சோக்கை இழுத்துவிட்டு உதையுங்கள், மூன்றாவது உதைக்குத்தான் கேட்கும்' என்று ஏதேனும் ஒரு பின்குறிப்புச் சொல்லாமல் சாவியைத் தருவதில்லையே!

நண்பர் ஜானிடம் இருந்தது ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. அன்று 1,800 டாலர் விலையுள்ள புத்தம்புது வண்டி. பழுதே வராது என்று நம்பி வாங்கியது. எனவே அதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அவர் அறிய விரும்பவில்லை. வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டேயிருந்தாலும் அதனோடு எரிச்சலுடன் வாழ்ந்துவிடுகிற இயல்பினர் அவ்விணையர். ஒரு நாள் ஜானின் வண்டியின் கைப்பிடித் தண்டு நழுவத் தொடங்குகிறது. எவ்வளவு இறுக்கினும் நிற்கவில்லை. இடையில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் போதும் என்கிறார் பிர்சிக். தகட்டுக்கு எங்கே போவது? காலியான பீர் டப்பாவை வெட்டினால் ஆயிற்று. அலுமினியம், மென்மையானது, துருப்பிடிக்காதது. இதைவிடப் பொருத்தமான தகடு கடையிலும் கிட்டாது. ஆனால் ஜான் முகம் சுருங்கிவிடுகிறது. அரை நூற்றாண்டு ஜெர்மானியத் தொழில்நுட்பத்தின் பெருமிதத்தைக் குப்பை டப்பாவினால் ஒட்டுப்போடுவதா? அத்துடன் அப்பேச்சு முடிகிறது. கைப்பிடி நழுவிக்கொண்டே இருக்கிறது.

ஒருவர் கண்ணுக்கு அது தகடு. மற்றவர் கண்ணுக்கு அது டப்பா. பொருளை அதன் தொழிலால் அறிவார் ஒருவர். தோற்றத்தால் அறிவார் மற்றொருவர். பிர்சிக் இவ்விரு பார்வைகளையும் பெயரிட்டு நூல் நெடுக ஆராய்கிறார். அவர் ஜானை எள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அறிந்தவன் என்ற தருக்கு அவருக்கும் பாடம் புகட்டியிருக்கிறது.

முன்பொரு முறை அவர் வண்டியின் இஞ்சின், விரைந்து ஓட்டும்போது, சூடேறிப் பிஸ்டன் விரிந்து உருளையோடு பிடித்துக்கொண்டது. தாமே பார்க்கும் அளவுக்குப் பெரிய வேலையன்று என்று எண்ணிப் பட்டறையில் விடுகிறார். அங்கே வானொலி முழங்குகிறது. இளைஞர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். வண்டியை நன்கு கேளாமலே ஒருவன், 'டேப்பெட்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். மூடியைத் திறக்கத் தவறான ஸ்பானர். விளிம்பு தேய்ந்ததும் உளியும் சுத்தியலும். குளிர்விக்கும் இதழ்கள் இரண்டு உடைந்தன. பணமும் போயிற்று, பழுதும் போகவில்லை. சில வாரங்கள் கழித்து அவரே காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். எண்ணெயை இஞ்சினின் தலைப்பகுதிக்குச் செலுத்தும் வழியில் 25 சென்ட் மதிப்புள்ள சிறு முளை ஒன்று முறிந்திருந்தது. அதனால், விரைவில் செல்லும்போது எண்ணெய் மேலே ஏறவில்லை.

அந்த இளைஞர்களிடம் திறமைக் குறைவு இல்லை, அக்கறை இல்லை. இதைச் சொல்லும்போது பட்டறைத் தொழிலாளரை இழித்துரைப்பதாக யாரும் கருதவேண்டா. என் துறையிலும் நூலை முழுதும் படியாமல் 'டேப்பெட்' என்று சொல்லிவிடுகிற ஆய்வேடுகளை நான் திருத்தியதுண்டு. எழுதியதும் உண்டு என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றொரு நிகழ்ச்சி நகைப்புக்குரியது. ஒரு மழைநாளில் மகனோடு செல்லும்போது வண்டி நின்றுவிடுகிறது. மழைநீர் புகுந்திருக்கும் என்று முடிவுகட்டி, வண்டியை ஆட்டிப் பார்க்கிறார். தொட்டியில் பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்கிறது. என்னென்னவோ செய்கிறார். பயணமே கெட்டு வீடு திரும்பிய பின்னரே உண்மை புலனாகிறது. பெட்ரோல் தீர்ந்திருந்தது. தளும்பியது 'ரிசர்வ்' பகுதியில் இருந்த பெட்ரோல். அந்தக் குழாயைத் திருப்பியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். மழை என்ற காரணம் முன்பே மனத்தில் அமர்ந்துவிட்டதால் கை அங்கே செல்லவில்லை. நான் ஸ்கூட்டர் வாங்கிய முதல் மாதம், கல்லூரி வாயிலுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், இதே பிழைக்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள். மாணவர் இருவர் தள்ளி உதவினார்கள். மூன்றாமவன் குனிந்து ரிசர்வைத் திருப்பினான்.

பழுது நீக்கும்போது மனத்தில் சுரப்பதும் வற்றுவதுமான ஓர் ஆற்றலைப் பற்றிப் பிர்சிக் விரிவாகப் பேசுகிறார். அதைக் குறிக்க 'கம்ப்ஷன்' என்ற பழஞ்சொல்லை எடுத்தாளுகிறார். தமிழில் என்ன சொல்லலாம் என்று தேடினேன். வள்ளுவரின் 60ஆம் அதிகாரப் பெயரான 'ஊக்கமுடைமை'யின் முற்பகுதியே போதும்: ஊக்கம். மூடியைக் கழற்றும்போது திருகாணியின் தலை தேய்ந்துவிடுகிறது. திருப்புளி வழுக்குகிறது. சில காசு பெறாத அத்திருகாணி அசையாவிடில் வண்டி முழுதும் பயனற்றது; அந்நேரத்தில் அதன் விலை வண்டியின் விலைதான். நூலறிவு கைவிட்டு நிற்கும் அந்த இடத்தை அவர் தோல்வியாகக் கொள்ளவில்லை. அங்கேதான் மெய்யான பார்வை தொடங்குகிறது என்கிறார். ஊக்கத்தைக் கெடுப்பவற்றுள் முதலாவது, முன்முடிவைப் பற்றிக்கொண்டு விடாத மனம். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? தென்னிந்தியக் குரங்குப் பொறி! துளையிட்ட தேங்காய்க்குள் அரிசி, கையை விட்ட குரங்கு பிடியைத் தளர்த்தினால் தப்பலாம், தளர்த்துவதில்லை. காசியில் இந்து பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிஞர் தெற்கிலிருந்து எடுத்துச்சென்றது இதுதானா என்று எனக்குச் சிறு மனக்குறை உண்டு. ரிசர்வ் குழாயை நினைத்ததும் அக்குறை தீர்ந்தது.

இன்னொன்றையும் ஆசிரியர் என்ற முறையில் சொல்லவேண்டும். பிர்சிக் மான்டானா மாநிலத்தில் போஸ்மன் நகரக் கல்லூரியில் கட்டுரை எழுதக் கற்பித்தவர். நாட்டைப் பற்றி எழுத முயன்று, எழுத ஒன்றுமில்லை என்று தவித்த மாணவி ஒருத்தியிடம், ஊரின் நாடகக் கொட்டகையை எடுத்துக்கொள், அதன் முகப்பில் மேல் இடப்பக்கச் செங்கல்லிலிருந்து தொடங்கு என்று கூறுகிறார். அவள் பக்கம் பக்கமாக எழுதி வருகிறாள். பிறர் சொன்னதை மீளச் சொல்ல இயலாத இடத்தில் தன் கண் திறந்துகொள்கிறது. தேய்ந்த திருகாணியும் அந்தச் செங்கல்லும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. நானும் 'எங்கள் ஊர்க் குளம்' என்பதை விடுத்துக் 'குளத்தின் மூன்றாம் படி' என்று தலைப்புக் கொடுத்துப் பார்த்தேன். வழிகாட்டி நூல்களில் மூன்றாம் படி இல்லாததால், பிள்ளைகள் குளத்துக்கே போனார்கள்.

இந்நூலை மோட்டார் சைக்கிள் கையேடாகக் கொள்ளவேண்டா. வண்டியைப் பற்றிய செய்திகளும் அத்துணைத் துல்லியமானவை அல்ல என்று ஆசிரியரே முன்குறிப்பில் நகையாடுகிறார். எனக்கு இது வேறொரு காரணத்தால் நெருங்கிய நூல்.

என் தந்தையார் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். ஞாயிறு காலையில் திண்ணையில் செய்தித்தாளை விரித்து, கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். ஒரு கையடக்கக் குறிப்பேட்டில் நாளும் கிலோமீட்டரும் எழுதுவார். இஞ்சின் ஒலியில் இழையளவு மாற்றம் வந்தாலும் அறிவார். மனிதர் பேச்சுக்கு அவ்வளவு செவி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. 1997இல் நான் தமிழ் இலக்கியம்தான் படிப்பேன் என்று உறுதியாக நின்றபோது, அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சேர்க்கை நாளன்று வண்டியில் அழைத்துச் சென்றார். வழி நெடுக அவர் முதுகு மட்டுமே எனக்குத் தெரிந்தது. இடையில் செயின் தளர்ந்து அடிக்கத் தொடங்கவே, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, ஒரு பக்கத்து மரையைத் தாம் திருப்பி, முதன்முறையாக ஸ்பானரை என் கையில் கொடுத்தார். "அந்தப் பக்கமும் அதே அளவுதாம்மா. அரைச் சுற்று. அதுக்கு மேல இறுக்கினாலும் தப்பு." அந்த ஒரு மாதத்தில் அவர் பேசியது அவ்வளவே. அவர் மறைந்த பின் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த நாளின் கீழே, கிலோமீட்டரை அடுத்து, 'செயின் சரிசெய்தது. பாப்பா தமிழில் சேர்ந்தாள்' என்று எழுதியிருந்தது.

ஆகவே நூலில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வண்டியன்று, பின்னிருக்கை. டேப்பெட்டின் மெல்லிய ஓசையையும் கேட்கவல்ல தந்தைக்குப் பின்னால், வயிற்றுவலி என்றும் சலிப்பு என்றும் அழுகை என்றும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டே வருகிறான் சிறுவன். முன்னொரு காலத்தில் மனநோய் மருத்துவமனையில் மின்னதிர்ச்சி பெற்று வேறொருவராகித் திரும்பிய தந்தை அவர். பழைய தந்தையைத் தேடுகிறது குழந்தை. மலையேறும்போது ஸ்பார்க் பிளக்கில் படிந்த கரியைக் கண்டு, காற்று மெலிந்ததால் எரிபொருள் மிகுந்துவிட்டது என்று உய்த்துணர்பவர், இந்தக் கரியைக் காண நூலின் கடைசி வரை செல்லவேண்டியிருக்கிறது. கலிபோர்னியக் கடற்கரையோரம் ஒரு பாறைமேட்டில் மகன் கதறுகிறான். உண்மையாகவே நீங்கள் பித்தரா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் தந்தை. தனக்கு அது தெரியும் என்கிறான் மகன்.

அந்தக் கிறிஸ், 23 வயது நிறைவதற்குள், 1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கொல்லப்பட்டார். பிற்பதிப்பின் பின்னுரையில் தந்தை அதை எழுதியிருக்கிறார். பிர்சிக் 2017இல் மறைந்தார். அந்தச் சூப்பர் ஹாக் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது.

அந்தப் பாறைமேட்டுக்குப் பின் இருவரும் மீண்டும் வண்டியேறுகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கால்மிதிகளின் மேல் எழுந்து நிற்கிறான் சிறுவன். தந்தையின் தோளுக்கு மேலாக அவனுக்குச் சாலை தெரிகிறது. வளர்ந்த பின் தனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் கிடைக்குமா என்று கேட்கிறான். பேணுவதாக இருந்தால் கிடைக்கும் என்கிறார். அது கடினமான வேலையா என்கிறான். வேலை கடினமில்லை, அதற்குரிய மனப்பாங்கே கடினம் என்கிறார். சற்றுத் தொலைவு சென்றபின், அம்மனப்பாங்கு தனக்கு வருமா என்று கேட்கிறான். வரும் என்றே தந்தை நினைக்கிறார்.